நாலு வழிக் களம்

நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். அம்சம் வெறுங்காலோடு நெல்லுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வருவாள். பாதத்தில் ஒட்டினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். சரசரவென்று ஒதுங்கினால் மூட்டை பிடிக்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மெஷின் பதினேழுக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அம்சம் போதும் என்று சொன்ன நெல்லை அந்த மெஷின் திருப்பி அனுப்பியதாக வடகரைப்பேட்டையில் யாருக்கும் நினைவில்லை.

வடகரைப்பேட்டை, நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஒரு முக்கூட்டை ஒட்டி இருக்கிறது. அம்சத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் புருஷன் காத்தானின் அப்பா அந்த ஊர் நிலக்காரரான ஹரிஹரசுப்ரமணியன் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். அப்படி விற்றதில் மூன்று மாவை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, காத்தான் வாங்கினான். அதை வாங்குவதற்காக அம்சம் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக நடவுக்குப் போனாள். நன்னிலம் வரைக்கும் வேனில் போய் நட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகள் எழில்மொழியைக் கல்லூரிக்கு அனுப்பினாள்.

மிச்சமிருந்த நிலம் மூன்று வருஷத்துக்கு முன்னால் மொத்தமாகக் கைமாறியது. கல் நட்டார்கள், தெரு பிரித்தார்கள், செந்நெல் நகர் என்று வளைவு கட்டினார்கள். அம்சம் அங்கே சித்தாள் வேலைக்குப் போனாள். முதல் மூன்று தெருக்களின் வீடுகளுக்குச் செங்கல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. வீடுகளில் ஆட்கள் குடிவந்த பிறகு நகருக்குள் ஒரு நர்சரி பள்ளி வந்தது. எழில்மொழிக்கு அதில் எல்.கே.ஜி. டீச்சர் வேலை கிடைத்தது. நகர் வந்ததில் அம்சத்துக்குக் கோபமில்லை. ஆட்கள் எங்காவது குடியிருக்கத்தானே வேண்டும் என்பாள்.

நகருக்காகச் சாலை அகலமாக வேண்டியிருந்தது. ஐந்நூறு வீடு வரப்போகிறது, பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் காரும் அந்த முக்கூட்டில்தான் திரும்பியாக வேண்டும். ஆகவே இரண்டு வழிச் சாலை நாலு வழி ஆனது. நடுவில் தடுப்பு வைத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டி நிற்காமல் நகருக்குள் இடப்பக்கமாகத் திரும்ப ஒரு தனிப்பாதை போட்டார்கள். அந்தத் தனிப்பாதை வந்த இடத்தில்தான் ஊர்க்களம் இருந்தது. பஞ்சாயத்து போட்டுக் கொடுத்த சிமெண்ட் களம். நாற்பது குடும்பம் அதில் முறை வைத்து நெல் காயவைத்தது. கணக்கில் அது களம் புறம்போக்கு. யார் பேரிலும் இல்லாததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று போட்டார்கள். அம்சம் எழுந்து நின்று பேசினாள்.

"ரோடு போடுங்கய்யா, வேணாங்கல. களத்த எடுத்தா நெல்ல எங்க காயவைக்கிறது?"

"மாத்துக் களம் குடுப்போம்மா. ஏரிக்கரையில எடம் பாத்தாச்சு" என்றார் அதிகாரி.

"மொதல்ல அதப் போட்டுட்டு அப்புறம் இத எடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அவள் சொன்னதை எழுதிக்கொள்ளவும் செய்தார். களத்தைத் தை மாதம் உடைத்தார்கள். மாற்றுக் களத்துக்கு ஏரிக்கரையில் நான்கு கல் நட்டதோடு சரி.

அடுத்த குறுவை அறுவடைக்கு மெஷின் இறங்கியபோது எல்லோரும் நெல்லைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். புரட்டாசியில் மெஷின் அறுத்த நெல் ஈரமாகத்தான் இருக்கும். கொட்டி வைத்தால் இரண்டே நாளில் முளைவிடும். புதுச் சாலையோ கறுப்பாக, வழவழவென்று, காலையிலேயே சூடேறிக் கிடந்தது.

"கவர்மெண்டு நமக்கு நாலு வழிக் களம் போட்டுக் குடுத்துருக்கு. நடுவுல வரப்புகூடக் கட்டிக் குடுத்துருக்காங்க பாரு" என்று நடுத்தடுப்பைக் காட்டிச் சொன்னான் குணசேகரன். அவன் அந்த ஊர் வார்டு மெம்பர். அம்சத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அப்ப ரோட்டுல பளபளன்னு மின்னுற அந்தக் கண்ணாடிக் கல்லு?" என்றாள் அம்சம்.

"அது களத்துக்கு மூக்குத்தி."

பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தனிப்பாதையில் பாதி அகலத்துக்கு மேல் நெல் போகக் கூடாது. இரண்டு முனையிலும் முள்கிளை வெட்டிப் போட்டு அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். இருட்டுவதற்கு முன்னால் அள்ளிவிட வேண்டும். அம்சம்தான் இதையெல்லாம் சொன்னவள். மற்றவர்கள் மறந்தால் அவளே போய்த் திட்டிவிட்டு வருவாள்.

ஒருநாள் பகல் முழுக்க நல்ல வெயில். நாலரை மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் மூட்டை பிடித்துவிட்டார்கள். அம்சத்தின் நெல் முந்தின நாள்தான் அறுத்தது, காலில் ஒட்டியது. அதை மூட்டை கட்டினால் வெந்துபோகும். தனிப்பாதையின் ஓரமாகக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடினாள். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. காத்தான் இன்னொரு தார்ப்பாய் எடுத்து வர வீட்டுக்கு ஓடினான். அம்சம் தார்ப்பாயின் ஓரத்தில் கல் வைத்தாள்.

களத்தில் அவள் முப்பது வருஷமாகச் செய்த வேலை அது. காற்று வருகிற பக்கத்தில் பெரிய கல்லாக, தார்ப்பாயின் விளிம்பு மேலேயே, பாதிக் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைக்க வேண்டும். அப்போதுதான் விளிம்பு கிளம்பாது. கை தானாக அப்படியே செய்தது. காற்று மேற்கேயிருந்து வந்தது. வண்டிகளும் மேற்கேயிருந்துதான் வந்தன. களத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்ததில்லை. முள்கிளையும் சிவப்புத் துணியும் பகலில் நெல் பரப்பிக் கிடக்கும்போது வைக்கிறவை. மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று மனசு எடுத்துக்கொண்டுவிடுகிறது.

தூறல் விழுந்ததும் அம்சம் புது பஸ் நிழற்குடையின் கீழே போய் நின்றாள். முக்கூட்டின் நடுவே உயரமான விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. ஆறு மணி தாண்டியிருந்தது. எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு பைக் தனிப்பாதைக்குள் திரும்பியது. அது கல்லில் ஏறியதை அம்சம் பார்த்தாள். சத்தம் பெரிதாக இல்லை. நின்றுகொண்டிருந்த வண்டி கீழே விழுந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பைக்கில் வந்தவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஹெல்மெட் போட்டிருந்தான். ரத்தம் எதுவும் தெரியவில்லை. அம்சம் சாலையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையை அவன் முகத்துக்கு மேலே பிடித்தாள்.

"யாருப்பா நீ? எங்க இருக்க?"

"நகர்தான்மா. மூணாவது தெரு."

"எங்கப்பா வலிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. வயித்துலதான் லேசா." கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றான்.

"வண்டி கெடக்குது விடுப்பா. இந்தா, வந்துருவாங்க."

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. நனைந்த துணிக்குள்ளே வெளிச்சம் தெரிந்தது. அம்சம் அதை எடுக்கக் கையைக் கொண்டுபோனாள். அவன் தலையை ஆட்டினான்.

"வேணாம்மா. வீட்லதான். அவ பயந்துருவா. செத்த நேரம் இருந்துட்டு நானே மெதுவா போயிருவேன்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அம்சம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மறுபடியும் தலையை ஆட்டினான். இதற்குள் காத்தான் தார்ப்பாயோடு வந்து, பார்த்துவிட்டு, தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினான். போன் மூன்றாவது தடவை அடித்தபோது மடியில் கிடந்தவன் தலையை ஆட்டவில்லை. கண் திறந்துதான் இருந்தது. அம்சம் போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டீக்கடையிலிருந்து கூப்பிட்ட ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தது. பழைய சாலையாக இருந்தால் அரை மணி ஆகியிருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி உள்ளே ரத்தம் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் பேர் ஜெக்கரியா. தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் கண்ணாடி போடுகிற வேலை. குத்தாலத்திலிருந்து வந்து நகரில் வீடு வாங்கிக் குடியேறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் ஊரே அங்கே வந்துவிட்டது. யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் சாலையில் ஒரு மணி நெல் இல்லை. கல்லையெல்லாம் வாய்க்காலில் போட்டார்கள். மிச்சத்தை மழை கழுவியது. குணசேகரன் அம்சத்தின் கையைப் பிடித்து நிழற்குடைக்குக் கூட்டிப்போனான்.

"அக்கா, இங்க பாருங்க. நீங்க இங்க இல்ல. சத்தம் கேட்டுச்சு, ஓடியாந்தோம், ஆள் கெடந்தாரு. அவ்வளவுதான்."

"நான்தானே தம்பி மடியில வச்சிருந்தேன்."

"இல்லக்கா. யாருமே இல்ல."

"ஆம்புலன்ஸுக்காரன் பாத்தானே."

"ஓடியாந்த பொம்பளைல ஒருத்தின்னு நெனச்சிருப்பான். அக்கா, நாப்பது குடும்பத்து நெல்லு வெளியில கெடக்கு. போலீஸ்காரன் ரோட்டுல ஒரு மணி போடக் கூடாதுன்னு சொல்லிட்டான்னா எல்லாம் முளைச்சுப் போயிரும். ஒங்களுக்காக மட்டும் சொல்லல."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய நெல்லே அப்போது டிராக்டரில் ஈரமாகக் கிடந்தது. போலீஸ் வந்து, மழையில் வண்டி தானாகச் சறுக்கியது என்று எழுதிக்கொண்டு போனது. வேகமாக வந்தான், பைக்கில் வருகிற பையன்கள் எல்லாம் இப்படித்தான் என்று டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாவது நாள் வெயில் அடித்தது. முக்கூட்டைத் தாண்டிச் சற்றுத் தள்ளி மறுபடியும் நெல் கொட்டினார்கள். அம்சம் போகவில்லை. அவள் நெல்லைக் காத்தான்தான் காயவைத்தான்.

அவள் சோறு ஆக்கினாள், பாத்திரம் கழுவினாள், மாட்டைப் பிடித்துக் கட்டினாள். கேட்டால் பதில் சொன்னாள். எங்காவது போன் அடித்தால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

பதினோராம் நாள் எழில்மொழி பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தாள்.

"ம்மா. ஷமீரான்னு ஒரு பாப்பா என் கிளாஸ்ல. அந்தண்ணன் பொண்ணு. இன்னைக்குத்தான் மறுபடி வந்துச்சு. அவங்க அத்தை கொண்டாந்து விட்டாங்க."

அம்சம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பாப்பாவோட அம்மா பேரு ஆயிஷா. அவங்க இத்தாவுல இருக்காங்க. நாலு மாசம் பத்து நாளு வீட்ட விட்டு வெளியில வர மாட்டாங்க. அவங்க முறை அது. வந்து பாக்குறவங்ககிட்ட எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்களாம். மழையில எவ்வளவு நேரம் தனியா கெடந்தாருன்னு. ஒரு ஆளுகூடப் பக்கத்துல இல்லையான்னு. யாருக்கும் தெரியல. யாருமே இல்லன்னுதான் சொல்லிருக்காங்க."

எழில்மொழி நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேம்மா. முடியல."

அன்றைக்குச் சாயங்காலமே அம்சம் காத்தானிடம் சொன்னாள், "நான் போயி அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

காத்தான் பீடியைக் கீழே வைத்தான். "என்னன்னு சொல்லுவ?"

"தனியா கெடக்கலன்னு."

"அப்ப நீ அங்க எதுக்கு இருந்தன்னு கேக்கும்."

"சொல்லுவேன்."

"கல்லையும் சொல்லுவியா?"

"அதச் சொல்லாம மத்தத எப்படிங்க சொல்றது?"

காத்தான் பீடியை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்கு டீக்கடைக்கு ஓடியவன் திரும்பி வரும்போது செருப்பு எங்கே போனது என்று தெரியாமல் வந்தான். "அந்தத் தம்பியே வீட்ல சொல்லாதன்னுதானே சொல்லிட்டுப் போச்சு" என்றான் கடைசியில்.

"அது உசுரோட வீட்டுக்குப் போயிருவோம்னு நெனச்சு சொன்னதுங்க."

மறுநாள் காலையில் குணசேகரன் வந்தான். யார் சொல்லித் தெரிந்துகொண்டானோ. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, நீங்க பெரியவங்க. ஒரு மாசம் பொறுங்க. எல்லார் நெல்லும் போயிரட்டும். அப்புறம் நீங்க எங்க வேணா போய்ச் சொல்லுங்க, நானும் கூட வர்றேன்."

"ஒரு மாசம் அந்தப் புள்ள அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கணுமா தம்பி?"

"எழில்மொழி வேல பாக்குறது நகர்க்காரங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். அதையும் யோசிங்க."

அம்சம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, நாலு வழிச் சாலையின் நடுத்தடுப்பு முடிகிற இடம் வரை நடந்துபோய்ச் சுற்றிக் கடந்து நகருக்குள் போனாள்.

மூன்றாவது தெருவில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை படி என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்தவள் ஜெக்கரியாவின் அக்கா அனீஸா. அம்சம் எழில்மொழி டீச்சரின் அம்மா என்று சொன்னதும் உள்ளே வரச் சொன்னாள்.

ஆயிஷா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். எழில்மொழியை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அம்சத்தைப் பார்த்ததும் எல்லோரிடமும் கேட்கிற அதையே கேட்க வாயெடுத்தாள். அம்சம் அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன் வீட்டுக்காரரு தனியா கெடக்கலம்மா. எம் மடியிலதான் இருந்தாரு."

அனீஸா கதவோரத்தில் அப்படியே நின்றாள். அம்சம் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தார்ப்பாய், காற்று, கல், பஸ்ஸின் வெளிச்சம். அவன் வண்டியைப் பற்றிக் கேட்டது. வயிறு லேசாக வலிக்கிறது என்றது.

 கல்லைச் சொன்னபோதுகூட ஆயிஷாவின் முகம் மாறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"நான் போன் பண்ணேன். அடிச்சுதா?"

"அடிச்சுதும்மா."

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

"எடுக்கத்தான் போனேன். வேணாம்னாரு. வீட்லதான், அவ பயந்துருவா, செத்த நேரம் இருந்துட்டு நானே மெதுவா போயிருவேன்னாரு."

ஆயிஷாவின் உதடு அந்தச் சொற்களைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அனீஸா வந்து தோளைப் பிடித்தாள். ஆயிஷா அந்தக் கையை விலக்கினாள்.

"நான் பயந்துட்டுப் போறேன். பயந்தா என்ன? பயந்துருக்க மாட்டேனா?" என்றாள். குரல் உயரவில்லை. "கல்லு வச்சத விட்டுர்றேம்மா. காத்து அடிச்சுது, வச்சீங்க. போன எடுத்து அவரு காதுல வச்சிருக்கலாம்ல. ஒரு வார்த்த பேசிருப்பேன்ல."

 அம்சமும் அந்தப் பதினோரு நாளும் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சுப் போங்க" என்றாள் ஆயிஷா.

அனீஸாவின் வீட்டுக்காரர் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார். அது அவர்கள் உரிமை. அம்சத்தைக் கூப்பிட்டார்கள், அவள் போய் அதே மாதிரி சொல்லி, ரேகை வேண்டாம் கையெழுத்தே போடுகிறேன் என்று போட்டுவிட்டு வந்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது. சாலையில் நெல் போடக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். ஜீப் வந்து இரண்டு நாள் நின்றது. தண்டவாளத்து ஓரத்திலும் கோயில் வாசலிலும் நெல்லைக் கொட்டிப் பார்த்தார்கள். பாதி நெல் முளைத்துப் போனது. ஏரிக்கரையில் நட்ட நான்கு கல்லும் நின்றபடி நின்றன.

ஊரில் அம்சத்தை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நடவு வேனில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. "ஒரு வாயால ஊரு நெல்லையே முளைக்க வச்சுட்டா" என்று ஒருத்தி அவள் காதுபடச் சொன்னாள். குணசேகரன் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனான். ஒருநாள் ரேஷன் கடையில் வழிவிட வேண்டியிருந்தபோது "நகருங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்சம் அழுதாள். எழில்மொழிக்கு வேலை போகவில்லை. ஷமீராவை மட்டும் வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து அனீஸா பள்ளி வாசலில் எழில்மொழியிடம் வந்து, "உங்கம்மாவ வெள்ளிக்கிழம வரச் சொல்லுது ஆயிஷா" என்றாள். 

அம்சம் போனாள். ஆயிஷா அதே கட்டிலில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அம்சம் கதவோரமாக நின்றாள்.

"அன்னைக்குச் சொன்னத மறுபடி சொல்லுங்க."

அம்சம் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஆயிஷா, "சரி, போங்க" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆள் வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்குக் காத்திருக்காமல் அம்சமே போனாள். ஒவ்வொரு தடவையும் ஆயிஷா எதையாவது புதிதாகக் கேட்பாள். மழை முகத்தில் விழுந்ததா. கை சூடாக இருந்ததா. எந்தக் கையைப் பிடித்தீர்கள். அம்சம் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். காத்தான், ஏன் இப்படிப் போய் நிற்கிறாய், அந்தப் பெண்ணும் தேறாது நீயும் தேற மாட்டாய் என்றான். அம்சம் போவதை நிறுத்தவில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆயிஷா கேட்டாள், "மூணாவது தடவ அடிச்சப்ப அவருக்குக் கேட்டுச்சா?"

அனீஸா ஆயிஷாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்சத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக அசைத்தாள். கேட்டது என்று சொல்லிவிடு என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த அறையில் அதை மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அம்சம் அந்த நேரத்தை மறுபடியும் மனசில் கொண்டுவந்து பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது. மழைத் தண்ணீர் இமையில் நின்றது. அவன் சிமிட்டினானா என்று அவள் கவனிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது போனின் வெளிச்சத்தை.

"தெரியலம்மா" என்றாள்.

ஆயிஷா அவளையே பார்த்தாள். அனீஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டுச்சுன்னு சொல்லிருந்தீங்கன்னா இனிமே வராதீங்கன்னு சொல்லிருப்பேன்" என்றாள் ஆயிஷா. சற்று நகர்ந்து, கட்டிலின் மறு ஓரத்தைக் கையால் காட்டினாள். அம்சம் போய் உட்கார்ந்தாள்.  வெளியே பள்ளி வேன் வந்து திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.